ஒரு லென்ஸ், இரண்டு கமரா: வாங்குமுன் சிறிது யோசிப்போம்

கைத்தொலைபேசியிலேயே கமரா வந்துவிட்ட இக்காலத்திலும், பிறந்தநாள், சாமத்தியவீடு, திருமணம், அரங்கேற்றம் என்று வரும்போது நம்மவர்கள் தனிக் கமராவைத்தான் தேடுகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 1995 இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோதும், 2009 இல் வன்னியில் இறுதிப் போர் நடந்தபோதும், வீட்டு அல்பங்களைக் கைவிட்டு வந்த குடும்பங்கள் எத்தனையோ. தாய் தகப்பனின் கல்யாணப் படம் ஒன்றுகூட இல்லாத பிள்ளைகள் நம்மிடையே வளர்கிறார்கள். இந்த நாட்டில் நாம் எடுக்கும் படங்கள்தான் அப்பிள்ளைகளின் முதல் அல்பம். ஆகவே நல்ல படம் வேண்டும் என்ற ஆசையை யாரும் வீண் ஆடம்பரம் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அந்த ஆசைக்குப் பின்னால் பெருந்தொகைப் பணம் போகிறது என்பதும் உண்மை. புதிதாக வந்து குடியேறிய குடும்பத்துக்கு வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், பிள்ளைகளின் செலவு எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம். ஒரு நல்ல லென்சின் விலை சில வேளைகளில் ஒரு மாத வீட்டு வாடகையைத் தொட்டுவிடும். தவறான லென்சை வாங்கினால் அது அலுமாரியில்தான் கிடக்கும்.

நாங்கள் சிலர் சேர்ந்து உறவினர், நண்பர் வீட்டு விசேடங்களுக்கும் தமிழ்ப் பாடசாலை விழாக்களுக்கும் படம் எடுத்துக் கொடுத்து வருகிறோம். எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "எங்களிடம் இப்போது இரண்டு கமரா இருக்கிறது. ஒன்று குரொப் சென்சர், மற்றது ஃபுல் ஃபிரேம். எதற்கு லென்ஸ் வாங்குவது?"

இரண்டு கமரா சேர்வது இப்படித்தான். முதலில் கடையில் லென்சோடு சேர்த்து விற்கும் மலிவான குரொப் கமரா ஒன்றை வாங்குகிறோம். சில வருடங்கள் கழித்து, கண்ணாடியில்லாத புதிய வகைக் கமராக்களுக்கு மாறுகிறவர்கள் தங்கள் பழைய ஃபுல் ஃபிரேம் கமராக்களை விற்கும்போது, பாவித்த ஒன்றை வாங்குகிறோம். முதற் கமராவை விற்கப் போனால் நல்ல விலை வராது. அதனால் அதுவும் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. இப்படி இரண்டும் உள்ள குடும்பங்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பிலிம் காலத்தில் நாம் பாவித்த 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் அளவு 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். 1925 இல் விற்பனைக்கு வந்த லைக்கா கமரா இந்த அளவை உலகெங்கும் பரப்பியது. பிலிம் இருந்த இடத்தில் இன்று ஒளியை உணரும் சென்சர் இருக்கிறது. அது அதே 36 க்கு 24 அளவில் இருந்தால் ஃபுல் ஃபிரேம். அதைவிடச் சிறியதாக, ஏறத்தாழ 24 க்கு 16 அளவில் இருந்தால் குரொப் சென்சர். கனொன் குரொப் கமராக்களில் இது இன்னும் சற்றுச் சிறிது, அகலம் 22 மி.மீ. அளவு.

லென்ஸ் உள்ளே அனுப்பும் உருவம் இரண்டு கமராவிலும் ஒன்றேதான். சிறிய சென்சர் அந்த உருவத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது, ஓரங்கள் வெட்டுப்படுகின்றன. அதனால் படம் கிட்ட வந்ததுபோலத் தெரிகிறது. நிக்கோன், சோனி குரொப் கமராக்களில் இது 1.5 மடங்கு, கனொனில் 1.6 மடங்கு. அதாவது 50 மி.மீ. லென்சை நிக்கோன் குரொப் கமராவில் போட்டால், ஃபுல் ஃபிரேமில் 75 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவு காட்சிதான் கிடைக்கும். கனொனில் 80 மி.மீ. அளவு.

இதைப் பலர் ஒரு குறையாக நினைக்கிறார்கள். இரண்டு கமராவும் உள்ளவருக்கு இது பெரிய வசதி. ஃபுல் ஃபிரேமுக்கென்று செய்த ஒரு லென்சை வாங்கினால், இரண்டு கமராவிலும் மாறி மாறிப் போட்டு இரண்டு வெவ்வேறு லென்சுகளின் வேலையை வாங்கலாம். பணத்தை மிச்சம் பிடிக்கும் வழியும் இங்கேதான் இருக்கிறது. ஒரே காட்சியைத் தரும் இரண்டு லென்சுகளுக்கு இருமுறை காசு கொடுக்கக் கூடாது. இனிச் சொல்வதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியதுதான்.

ஒரு சிறு கணக்கு

பள்ளிக்கூடத்தில் பௌதிகத்தில் குவியத்தூரம் என்று படித்திருப்போம். லென்சில் 50, 85 என்று மி.மீ. இல் எழுதியிருப்பது அதுதான். இதை வைத்து, எவ்வளவு அகலம் படத்துக்குள் வரும் என்பதைக் கடைக்குப் போகுமுன் வீட்டிலிருந்தே கணிக்கலாம். சென்சரின் அகலத்தை நிற்கும் தூரத்தால் பெருக்கி, குவியத்தூரத்தால் பிரித்தால் போதும். ஃபுல் ஃபிரேமுக்கு 36, குரொப்புக்கு 24, கனொன் குரொப்புக்கு 22 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உதாரணமாக, தொடர்மாடி வீட்டின் வரவேற்பறையில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் எதிரே இருப்பவர்கள் 3.5 மீற்றர் தூரத்தில்தான் இருப்பார்கள். கையில் 35 மி.மீ. லென்ஸ். ஃபுல் ஃபிரேமில் 36 × 3.5 ÷ 35, அதாவது 3.6 மீற்றர் அகலம் வரும். ஒருவருக்கு அரை மீற்றர் என்று கணக்கிட்டால் ஆறுபேர் தாராளமாக இருக்கலாம். அதே லென்சைக் குரொப்பில் போட்டால் 2.4 மீற்றர்தான் வரும். நாலு பேருக்கு மேல் போனால், ஓரத்தில் இருக்கும் அம்மம்மாவின் தோள் வெட்டுப்படும்.

இன்னொன்று. மண்டபத்தில் மணவறை 6 மீற்றர் அகலம், நாம் நிற்பது 8 மீற்றர் தூரத்தில் என்று வைப்போம். முழு மணவறையும் வருவதற்கு ஃபுல் ஃபிரேமில் 48 மி.மீ. வேண்டும், குரொப்பில் 32 மி.மீ. வேண்டும். அரங்கேற்றத்தில் 15 மீற்றர் தள்ளிக் கதிரையில் இருந்தபடி 200 மி.மீ. லென்சால் எடுத்தால், ஃபுல் ஃபிரேமில் 2.7 மீற்றர் அகலம் வரும், குரொப்பில் 1.8 மீற்றர். பிள்ளையின் முகபாவத்தைக் காட்ட எது உதவும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

இதிலிருந்து ஒரு பொதுவிதி கிடைக்கிறது. இடம் நெருக்கமாய் இருந்து, அகலமாக எடுக்க வேண்டிய வேலைக்கு ஃபுல் ஃபிரேம் நல்லது. தூரத்திலிருந்து கிட்டக் கொண்டுவர வேண்டிய வேலைக்குக் குரொப் நல்லது. ஆகவே அகல லென்சுக்குச் செலவு செய்வதானால் ஃபுல் ஃபிரேமை நினைத்துச் செய்யுங்கள். தூர லென்சைக் குரொப்பில் போட்டுப் பாவியுங்கள்.

லென்சில் உள்ள எழுத்தைப் பாருங்கள்

எல்லா லென்சும் எல்லாக் கமராவுக்கும் பொருந்தாது. குரொப்புக்கென்று மட்டும் செய்த லென்சுகள் அளவில் சிறியவை, விலையும் குறைவு. அவை அனுப்பும் உருவம் ஃபுல் ஃபிரேம் சென்சர் முழுவதையும் மூடப் போதாது. எது எதற்கானது என்பதை லென்சிலேயே எழுதியிருப்பார்கள்.

நிக்கோன்: டி.எக்ஸ் என்று இருந்தால் குரொப்புக்கு மட்டும். ஃபுல் ஃபிரேமிலும் அது பூட்டுப்படும், கமரா தானாகவே நடுப்பகுதியை மட்டும் எடுக்கும். ஆனால் 24 மெகாபிக்சல் கமரா அப்போது ஏறத்தாழ 10 மெகாபிக்சல் படத்தைத்தான் தரும். ஏ4 அளவில் அச்சடிக்க அது போதும். ஆயினும் ஃபுல் ஃபிரேம் வாங்கியதன் பயன் குறைந்துவிடுகிறது.

கனொன்: ஈ.எஃப் என்று சிவப்புப் புள்ளியோடு இருப்பவை இரண்டு வகைக் கமராவிலும் போடக்கூடியவை. ஈ.எஃப்-எஸ் என்று வெள்ளைச் சதுரத்தோடு இருப்பவை குரொப்புக்கு மட்டும். கண்ணாடி உள்ள ஃபுல் ஃபிரேம் கமராவில் அவை பூட்டுப்படவே மாட்டா. பலவந்தமாகப் பூட்ட முயலாதீர்கள்.

சோனி: எஃப்.ஈ என்றால் ஃபுல் ஃபிரேம். ஈ என்று மட்டும் இருந்தால் குரொப்.

வேறு நிறுவனங்கள்: சிக்மாவில் டி.ஜி என்றால் ஃபுல் ஃபிரேம், டி.சி என்றால் குரொப். கண்ணாடி உள்ள கமராக்களுக்கான தம்ரோன் லென்சுகளில் டி.ஐ என்றால் ஃபுல் ஃபிரேம், டி.ஐ 2 என்றால் குரொப். கனொனுக்கென்று வரும் சிக்மா டி.சி, தம்ரோன் டி.ஐ 2 லென்சுகள் ஃபுல் ஃபிரேமிலும் பூட்டுப்பட்டுவிடும். படத்தின் மூலைகள் கறுத்துப்போன பின்புதான் விடயம் தெரியவரும்.

நிக்கோன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டி3000, டி5000 வரிசைகளைச் சேர்ந்த மலிவான குரொப் கமராக்களுக்குள் குவியம் செய்யும் மோட்டர் இல்லை. ஏ.எஃப், ஏ.எஃப்-டி என்று எழுதிய பழைய லென்சுகளுக்குள்ளும் மோட்டர் இல்லை. இரண்டையும் சேர்த்தால் கையால்தான் குவியம் செய்யவேண்டும். ஓடித்திரியும் பிள்ளையை அப்படிப் பிடிக்க முடியாது. இரண்டு கமராவிலும் பாவிக்க விரும்பினால் ஏ.எஃப்-எஸ் என்று இருப்பதை வாங்குங்கள்.

மண்டபத்து வெளிச்சம்

நம்மவர் விழாக்கள் நடக்கும் மண்டபங்களில் வெளிச்சம் போதாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பாடசாலை மண்டபம், தேவாலயத்தின் கீழ்மாடி, வாடகை மண்டபம் என்று எங்கு போனாலும் ஏறத்தாழ இதே கதைதான். கமராவோடு சேர்ந்து வரும் 18–55 லென்சை 55 க்கு நீட்டினால் அதன் துவாரம் எஃப் 5.6 க்குச் சுருங்கிவிடும். எஃப் 2.8 லென்ஸ் அதைப்போல 4 மடங்கு ஒளியையும், எஃப் 1.8 லென்ஸ் ஏறத்தாழ 10 மடங்கு ஒளியையும் உள்ளே விடும். எண் சிறிதாகும்போது துவாரம் பெரிதாகும் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

சென்சரின் பரப்பளவிலும் வித்தியாசம் உண்டு. ஃபுல் ஃபிரேமின் பரப்பு குரொப்பைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஒரே காலத்தில் வந்த கமராக்களை ஒப்பிட்டால், இருட்டில் ஃபுல் ஃபிரேம் எடுக்கும் படத்தில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் குறைவாக இருக்கும். ஆகவே வெளிச்சம் குறைந்த இடத்தில் முக்கியமான வேலையை ஃபுல் ஃபிரேமிடம் கொடுங்கள். குரொப்புக்கு, துவாரம் பெரிய லென்சைப் போட்டு ஈடுகட்டுங்கள்.

தாலி கட்டும் நேரத்தில் லென்ஸ் மாற்ற முடியாது

கெட்டிமேளம் முழங்கியதும் எல்லோரும் எழுந்து அட்சதை தூவுவார்கள். சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். அந்த நேரத்தில் லென்சைக் கழற்றிக்கொண்டு நின்றால் அந்தப் படம் போனதுதான். ஐயரிடம் இன்னொருமுறை செய்யச் சொல்லிக் கேட்க முடியாது. ஓமப் புகையும் அட்சதைத் தூளும் பறக்கும் இடத்தில் லென்சைக் கழற்றினால் சென்சரில் தூசியும் படியும்.

இங்கேதான் இரண்டு கமரா கைகொடுக்கிறது. நாங்கள் செய்வது இப்படி. ஃபுல் ஃபிரேமில் 24–70 போன்ற ஒரு சூம் லென்சைப் பூட்டி மணவறைக்குக் கிட்ட நிற்போம். மணவறை, சுற்றம், சடங்கு எல்லாம் அதில் அடங்கும். குரொப்பில் 85 மி.மீ. எஃப் 1.8 அல்லது 70–200 ஐப் பூட்டி மற்றத் தோளில் தொங்கவிடுவோம். குரொப்பில் 85 என்பது நிக்கோனில் 127, கனொனில் 136 அளவு காட்சியைத் தரும். தாலிமுடிச்சைப் போடும் கை, பெண்ணின் தாயின் கண்ணில் திரளும் நீர் என்று தனித்தனியே எடுக்க அது போதும். விழா முடியும்வரை ஒரு லென்சையும் கழற்றத் தேவையில்லை.

குழுப்படம் எடுக்கும்போது ஃபுல் ஃபிரேமில் 24 க்குக் கீழேயும், குரொப்பில் 16 க்குக் கீழேயும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் நிற்பவர்களின் முகமும் உடம்பும் இழுபட்டுப் பெருத்துத் தெரியும். பிறகு அவர்கள் எங்களோடு கதைக்கமாட்டார்கள்!

எந்த ஒழுங்கில் வாங்குவது?

முதலாவதாக, 50 மி.மீ. எஃப் 1.8. ஃபுல் ஃபிரேமுக்கான லென்சுகளில் மிக மலிவானவற்றுள் இதுவும் ஒன்று. ஃபுல் ஃபிரேமில் போட்டால் அன்றாடப் படங்களுக்கு உதவும். குரொப்பில் போட்டால் முகம் எடுக்கும் லென்சாகிவிடும். குறைந்த பணத்தில் இரண்டு லென்ஸ் கிடைத்த மாதிரி. குரொப்போடு வந்த 18–55 ஐ விற்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் பூங்காவுக்கும் சுற்றுலாவுக்கும் அது போதும்.

இரண்டாவதாக, ஃபுல் ஃபிரேமுக்கு ஒரு நடுத்தரச் சூம். 24–70 எஃப் 2.8 விலை கூடியது, பாரமானது. கனொனில் 24–105 எஃப் 4, நிக்கோனில் 24–120 எஃப் 4 ஆகியவை பாவித்த நிலையில் அதைவிட மலிவாகக் கிடைக்கும். பிளாஷ் பாவிப்பவருக்கு இவை போதும். ஆனால் இவற்றைக் குரொப்பில் போட்டால் அகலம் கிடைக்காது. 24 என்பது அங்கே 36 அல்லது 38 ஆகிவிடும்.

மூன்றாவதாக, குரொப்பில் போட ஒரு தூர லென்ஸ். மண்டபத்துக்குள் எடுப்பவர் 85 எஃப் 1.8 ஐயும், பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிகளை வெளியில் எடுப்பவர் 70–300 ஐயும் பார்க்கலாம். 70–200 எஃப் 2.8 இரண்டுக்கும் உதவும், ஆனால் விலையைக் கேட்டால் தலை சுற்றும். வருடத்தில் இரண்டு மூன்று விழாவுக்கு மட்டும் தேவையென்றால் வாடகைக்கு எடுங்கள். பெரிய நகரங்களில் லென்ஸ் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன.

ஃபுல் ஃபிரேமில் 24–70 வைத்திருப்பவர் குரொப்புக்கென்று 17–50 எஃப் 2.8 வாங்குவது வீண். அது நிக்கோன் குரொப்பில் 25–75 அளவு காட்சியையே தரும். ஒரே காட்சிக்கு இருமுறை காசு கொடுத்ததாகிவிடும்.

இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. ஃபுல் ஃபிரேம் பாரம் என்று வீட்டிலேயே வைத்துவிட்டு எல்லா இடத்துக்கும் குரொப்பையே கொண்டுபோகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் சொல்வது, ஃபுல் ஃபிரேமை விற்றுவிட்டு அந்தக் காசில் அந்த 17–50 ஐயே வாங்குங்கள் என்பதுதான். பாவிக்காத பெரிய கமராவைவிடக் கையில் இருக்கும் சிறிய கமரா நல்ல படங்களைத் தரும்.

பிற்காலத்தில் கண்ணாடியில்லாத கமராவுக்கு மாறும் எண்ணம் இருந்தாலும் ஃபுல் ஃபிரேம் லென்சுக்கு இட்ட காசு வீண்போகாது. கனொன் ஈ.எஃப் லென்சுகளை 2018 இல் வந்த ஆர்.எஃப் வகைக் கமராக்களில் இணைப்பு வளையம் போட்டுப் பாவிக்கலாம், குவியமும் தானாக நடக்கும். நிக்கோனின் இசட் வகைக் கமராக்களுக்கும் எஃப்.ரி.இசட் என்ற வளையம் உண்டு. அதிலும் ஏ.எஃப்-எஸ் லென்சுகள் தானாகக் குவியம் செய்யும்.

பாவித்த லென்ஸ் வாங்கும்போது

கைவிளக்கு ஒன்றைக் கொண்டுபோங்கள். லென்சின் ஒரு பக்கத்தால் வெளிச்சம் பாய்ச்சி மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்திவலைபோல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். எவ்வளவு மலிவென்றாலும் வாங்காதீர்கள். சிறு தூசியைப் பொருட்படுத்தத் தேவையில்லை. துவாரத்தின் தகடுகளில் எண்ணெய் படிந்திருக்கக் கூடாது. சூம் வளையம் இறுகாமல், மணல் அரைபடும் சத்தமின்றிச் சுழல வேண்டும்.

இரண்டு கமராவையும் கையோடு கொண்டுபோய் இரண்டிலும் பூட்டிப் படமெடுத்துப் பாருங்கள். நாலு மூலையும் கறுக்காமல் இருக்கிறதா, பார்த்த இடத்தில்தான் குவியம் விழுகிறதா என்று திரையில் பெருப்பித்துச் சோதியுங்கள். தனியாரிடம் வாங்கினாலும் பற்றுச்சீட்டு எழுதி வாங்குங்கள். சந்திப்பதற்கு ஆள்நடமாட்டம் உள்ள இடத்தைத் தெரிவு செய்யுங்கள்.

நம்மூரில் நாம் அறியாத ஒரு சங்கதியும் இங்கு உண்டு. பனிக்காலத்தில் வெளியில் குளிர்ந்துபோன லென்சைச் சூடான மண்டபத்துக்குள் கொண்டுவந்து உடனே திறந்தால் அதில் நீர் படியும். அந்த ஈரம் உள்ளே தங்கினால் பூஞ்சணம் வரும். கமராவைப் பையோடு மூடியபடியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் வெளியே எடுங்கள். ஆகவே விழாவுக்குச் சற்று முன்னதாகவே போய்விடுவது நல்லது.

கடைக்குப் போகுமுன்

கடந்த ஒரு வருடத்தில் எடுத்த படங்களைக் கணினியில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு படத்தின் விபரத்திலும் குவியத்தூரம் பதிவாகியிருக்கும். எந்த அளவில் அதிகம் எடுத்தீர்கள், எந்த இடத்தில் பின்னால் போக இடமில்லாமல் தவித்தீர்கள், எந்தப் படம் இருட்டால் கெட்டது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வாங்க வேண்டிய லென்சை அந்தத் தாளே சொல்லும். சில வேளைகளில் ஒன்றும் வாங்கத் தேவையில்லை என்றும் சொல்லும்.

அப்படி மிஞ்சும் பணத்தில் நல்ல படங்களைத் தெரிந்தெடுத்து அச்சடியுங்கள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ஆட்களின் பெயரையும் இடத்தையும் திகதியையும் தமிழில் எழுதுங்கள். இரண்டு பிரதிகளாகச் செய்து ஒன்றை இங்கே வைத்து, மற்றதை ஊரில் இருக்கும் அப்பம்மாவுக்கோ வேறு நாட்டில் இருக்கும் சகோதரருக்கோ அனுப்பிவிடுங்கள். ஒரு வீட்டில் தவறினாலும் மற்ற வீட்டில் அந்த அல்பம் இருக்கும்.